மணிக்கொருமுறை அணைந்த சர்வர்: பினாங்கு கம்பெனிகளே, கொஞ்சம் கவனியுங்கள்

பினாங்கில் சின்னதும் நடுத்தரமுமாகக் கம்பெனி நடத்துபவர்கள், அங்கே ஐடி வேலை பார்ப்பவர்கள், இதைப் படித்ததும் உங்கள் சர்வரை ஒருமுறை திறந்து பாருங்கள். எங்களுக்கு சர்வர் விற்று ஏமாற்றிய சப்ளையரின் பெயரைப் போடவில்லை. விவகாரம் வக்கீல் கையில் இருக்கிறது.

நான் வேலை பார்ப்பது பட்டர்வொர்த்தில், சரக்கு ஏற்றுமதி இறக்குமதி பார்க்கும் ஒரு கம்பெனியில். கிட்டத்தட்ட முப்பது பேர் இருக்கிறோம். நான் சேர்வதற்கு முன்பே பழைய சர்வரை மாற்றியிருந்தார்கள். அதில் ஓடியது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. அதற்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு முடிந்துபோனது, ஆகவே மாற்றியதில் தப்பில்லை. புதியதற்கான கொட்டேஷனில் ‘விண்டோஸ் சர்வர் 2022 ஸ்டாண்டர்ட், ஒரிஜினல் லைசென்ஸ், 25 பேருக்கு கேல் உட்பட’ என்று இருந்தது. கேல் என்பது சர்வரைப் பயன்படுத்த ஒவ்வொருவருக்கும் வாங்க வேண்டிய உரிமை. லைசென்ஸுக்கு மட்டுமே ஒன்பதாயிரம் ரிங்கிட்டுக்கு மேல்.

சில மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலை தானாக அணைந்தது. ஆன் செய்தால் ஒரு மணி நேரம் ஓடும், மறுபடி அணையும். கே1 எனும் சுங்க இறக்குமதி பாரம் தயாரிக்கிற பெண்கள் ஃபைலைத் திறந்து பாதி அடித்திருப்பார்கள், திரை உறைந்துபோகும். துறைமுகத்தில் லாரி காத்திருக்கும்.

சப்ளையர் வந்து பார்த்தார். “கரண்ட் சரியில்ல தம்பி, யூபிஎஸ் மாத்தணும்.” மாற்றினார், பில் வந்தது. நிற்கவில்லை. “பவர் சப்ளை போயிருக்கு.” அதற்கும் ஒரு பில். அடுத்து ஏர்கான் பத்தவில்லையாம்.

அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வர்டை நான் கேட்டபோது, “பாதுகாப்புக்காக நாங்கதான் வச்சிருப்போம், நீங்க எதையாவது தட்டிட்டா யார் பொறுப்பு?” என்றார். காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்கு அவர் பூட்டு!

ஒருநாள் அவர் லாகின் செய்துவிட்டு போன் பேச வெளியே போனார். திரையின் வலது கீழ் மூலையில் பொடி எழுத்தில் ‘ஸ்டாண்டர்ட் இவாலுவேஷன்’ என்று இருந்தது, அதாவது முயன்று பார்க்கத் தரும் ட்ரையல் பதிப்பு. சர்வரில் நடப்பதெல்லாம் பதிவாகும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். டபிள்யூஎல்எம்எஸ் (லைசென்ஸைக் கண்காணிக்கும் விண்டோஸ் சேவை) என்ற பெயரில் மணிக்கொரு பதிவு: லைசென்ஸ் காலம் முடிந்துவிட்டது, ஒவ்வொரு மணி நேரமும் சிஸ்டம் அணைக்கப்படுகிறது. காரணத்தை அந்தப் பெட்டியே எழுதிவைத்திருக்க, இவர் எங்களுக்கு யூபிஎஸ் விற்றிருக்கிறார்.

விஷயம் இதுதான். இவாலுவேஷன் பதிப்பை யார் வேண்டுமானாலும் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 180 நாள் ஓடும், கெடு முடிந்தால் இப்படித்தான் அணையும். சர்வரில் யாரும் உட்கார்ந்து வேலை பார்ப்பதில்லை என்பதால் அந்தப் பொடி எழுத்து யார் கண்ணிலும் படாது. பாஸ்வர்டும் அவரிடமே இருந்தால் கேட்கவே வேண்டாம்.

நேரில் கேட்டதற்கு அவர் சொன்ன வழி இன்னும் மோசம். “ஒரு சின்ன புரோகிராம் ஓட்டினா சரியாயிடும். ஆன்டிவைரஸை மட்டும் கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணுங்க.” சம்பளக் கணக்கும் வாடிக்கையாளர் இன்வாய்ஸும் இருக்கிற சர்வரில், லைசென்ஸ் இருப்பதுபோல் ஏமாற்றுகிற திருட்டு ஆக்டிவேட்டர்! 1987 பதிப்புரிமைச் சட்டப்படி சோதனை வந்தால் மாட்டப்போவது அதைப் பயன்படுத்தும் கம்பெனி. முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சரி, உண்மையான கீ வாங்கிப் போட்டுவிடலாம் என்றால் அதுவும் நடக்காது. அந்த சர்வர்தான் எங்கள் டொமைன் கன்ட்ரோலர், அதாவது ஆபீஸில் எல்லாருடைய லாகினையும் சரிபார்க்கும் மெஷின். அந்த நிலையில் இருக்கிற இவாலுவேஷன் பதிப்பை நேரடியாக முழுப் பதிப்பாக மாற்ற விண்டோஸ் விடாது. இன்னொரு மெஷினை டொமைன் கன்ட்ரோலராக ஏற்றி, எல்லாவற்றையும் அதற்கு மாற்றி, பழையதைப் பதவியிறக்க வேண்டும். ஒரு சனி ஞாயிறு அதிலேயே போனது.

கேல் கதை தனி. அது வெறும் உரிமை. ஃபைல் பகிர்வுக்கு எத்தனை கேல் இருக்கிறது என்று சர்வர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனால் காசை வாங்கிக்கொண்டு ஒன்றும் கொடுக்காமல் இருப்பது ரொம்பச் சுலபம். எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

பேக்அப் மெஷினையும் கிளறினேன். 2025-இல் போட்ட மெஷினில் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் பதிப்பு. அதன் ஆயுள் 2024 ஜூன் 30-ஆம் தேதியே முடிந்திருந்தது. அப்டேட் கட்டளை கொடுத்தால் அப்டேட்டை எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் மிரர்லிஸ்ட் முகவரியே கிடைக்கவில்லை என்று பிழை வரும், அதை “நெட்வொர்க் பிரச்சினை” என்று சொல்லி வைத்திருந்தார். இப்போது அதில் அல்மாலினக்ஸ் 9 என்ற இன்னொரு லினக்ஸ் ஓடுகிறது. 2032 வரை பாதுகாப்பு அப்டேட் வரும், லைசென்ஸ் செலவும் இல்லை. கணக்கு மென்பொருள் மட்டும் விண்டோஸ் கேட்காமல் இருந்தால் மெயின் சர்வரையும் மாற்றியிருப்பேன்.

உங்கள் சர்வரில் பார்க்க வேண்டியது கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்வி’ (slmgr /dlv) என்று அடித்தால் வரும் லைசென்ஸ் விவரம். வருகிற பெட்டியில் ‘டைம்பேஸ்டு இவால்’ (TIMEBASED_EVAL) என்று இருந்தால் எங்கள் கதைதான். ‘கேஎம்எஸ் கிளையன்ட்’ (KMSCLIENT) என்று இருந்து, உங்கள் ஆபீஸில் லைசென்ஸை ஆக்டிவேட் செய்யும் கேஎம்எஸ் சர்வரே இல்லையென்றால் சப்ளையரைக் கூப்பிட்டு விளக்கம் கேளுங்கள். பாக்கிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் அட்மின் பாஸ்வர்டும், உங்கள் கம்பெனி பெயரில் லைசென்ஸ் ஆவணமும் கைக்கு வந்தாக வேண்டும்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாமே என்றார் முதலாளி. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொந்த உபயோகத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் வாங்குபவர்களுக்கு. வியாபாரத்துக்கு வாங்கியது அதில் வராது. அதனால்தான் வக்கீல் நோட்டீஸ். இதுவரை யூபிஎஸ் பணம் மட்டும் திரும்பி வந்திருக்கிறது. அவர் இப்போது பிறை (Perai) ஊர்ப் பக்கம் கொட்டேஷன் கொடுத்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.