650 மில்லி லாகரும் லேபிள் தேதியும்: மூன்று வருட அனுபவம்

பெங்களூரில் என்னோடு வேலை பார்த்த நண்பன் போன வாரம் ஃபோனில் கேட்டான். "நானும் சென்னைக்கு மாறி வர்றேன்டா. அங்க பீருக்கு என்ன பண்ற?" சமாளிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எப்படிச் சமாளிக்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

பெங்களூர் இந்திராநகரில், பீரை அங்கேயே காய்ச்சித் தரும் டாய்ட் என்ற பப்பில் ஐந்து வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமல் உட்கார்ந்தவன் நான். கோதுமை பீரில் வாழைப்பழ வாசனை எங்கிருந்து வருகிறது, அது ஈஸ்ட் செய்யும் வேலை என்றெல்லாம் பக்கத்து மேசைக்காரருக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். அவர் கேட்கவே இல்லை என்பது வேறு விஷயம். அப்படிப்பட்டவன் சென்னைக்கு வந்து மூன்று வருஷமாகக் குடிப்பது பழுப்பு நிற 650 மில்லி பாட்டிலில் வரும் சாதா லாகர் வகை பீர். பெயர் எதற்கு? எந்தக் கடையிலும் கிடைப்பதுதான். டாஸ்மாக் எலைட் கடைகளில் இறக்குமதி பாட்டில்கள் உண்டு. விலையைப் பார்த்தால் கை தானாகப் பின்னால் போய்விடும்.

முதல் ஆறு மாதம் இந்த லாகரைத் திட்டிக்கொண்டேதான் குடித்தேன். ஹாப்ஸ் என்ற பூ தரும் கசப்பு கிடையாது, வாயில் ஒரு கனம் கிடையாது, ஈர அட்டைப்பெட்டியை நக்கியது மாதிரி ஒரு பின்சுவை. மால்ட்டோடு, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியோடு, அரிசியோ சோளமோ சேர்த்துக் காய்ச்சினால் இப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டியிருந்தேன். அப்புறம் ஒருநாள் உறைத்தது. டாய்ட்டில் பாஸ்மதி பிளாண்ட் என்று ஒன்றை ரசித்து ரசித்துக் குடித்தேனே, அதிலும் அரிசிதானே? அங்கே போட்டால் கைவினை பீர், இங்கே போட்டால் கலப்படமா?

அரிசி மேல் பழி போட முடியாது என்றால் அந்த அட்டைப்பெட்டி ருசி எங்கிருந்து வருகிறது? பதில் லேபிளிலேயே இருந்தது, தயாரித்த தேதியாக. ஒருநாள் தற்செயலாக மூன்று வாரம் முன்பு அடைத்த பாட்டில் கைக்கு வந்தது. திறந்ததும் சுட்ட ரொட்டியின் ஓர வாசனை. மெல்லிய இனிப்பு, முடிவில் சின்னதாக ஒரு கசப்பு, அவ்வளவுதான், அதற்குள் வாய் துடைத்தது போல ஆகிவிட்டது. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதே பீர்தான்.

லாகர் என்பதே குளிரில் பிறந்த சரக்கு. பத்து டிகிரி வாக்கில் மெதுவாகப் புளித்து, பிறகு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வாரக்கணக்கில் ஓய்வெடுத்து வருவது. அதைப் பாட்டிலில் அடைத்து, கெடாமல் இருக்கச் சூடு காட்டி, லாரியில் ஏற்றி, மே மாத கோடவுனில் அடுக்கினால் என்ன ஆகும்? வெப்பம் பத்து டிகிரி கூடினால் பீர் பழசாகும் வேகம் இரண்டு மூன்று மடங்காகும் என்பது காய்ச்சுபவர்கள் கணக்கு. லேபிளில் ஆறு மாதம் என்று போட்டிருந்தாலும் நம்ம ஊர் வெயிலில் அதில் பாதியை நம்பினாலே பெரிய விஷயம். ஹாப்ஸ் தூக்கலாகப் போடும் ஐபிஏ மாதிரி ஒரு பீரில் கசப்பும் வாசனையும் பழசைக் கொஞ்சம் மறைத்துவிடும். லாகருக்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

அன்றிலிருந்து எனக்குத் தேதிப் பைத்தியம் பிடித்தது. தெருமுனைக் கடையில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று "அண்ணே, தேதி கொஞ்சம் பாருங்க" என்பேன். "பீருக்கு ஜாதகமா பாக்கப் போறீங்க?" என்பார் கடைக்காரர். பின்னால் வரிசையிலிருந்து "சாரு பொண்ணு பாக்க வந்திருக்காரு" என்று ஒரு குரல் வரும். சிரித்துக்கொண்டே நின்றால் பாதி நாள் நல்ல பாட்டில் கிடைக்கும். மீதி நாள் அவர் ஸ்ட்ராங் பாட்டிலைத் தள்ளுவார். "விலை கொஞ்சம்தான் சார் கூட, கிக்கு நல்லா இருக்கும்." அவரைக் குறை சொல்லவில்லை. ஸ்ட்ராங்தான் ஓடுகிறது, அதனால் அதுதான் புதிதாக வந்து இறங்குகிறது. லாகர் மூலையில் கிடந்து கிழமாகிறது. மென்மையான பீர் கேட்பவனுக்குப் பழைய பீர், இதுதான் என் மூன்று வருட எரிச்சல்.

வாங்கி வந்தபின் செய்வது எளிது. பெரிய பாத்திரத்தில் ஐஸ், தண்ணீர், ஒரு கைப்பிடி கல் உப்பு. பாட்டிலைக் கழுத்து வரை அமுக்கி வைத்தால் கால் மணி நேரத்தில் பல் கூசும் அளவுக்குக் கூலிங் ஏறிவிடும். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பாட்டிலைத் திரும்பவும் பாத்திரத்துக்கே அனுப்பிவிட வேண்டும். ஒருவன் தனியாகக் குடிக்க 650 மில்லி அதிகம். கடைசி 200 மில்லி சூடாகிவிட்டால் அதைவிடச் சோகமான திரவம் கிடையாது.

என் மைத்துனர் வந்தால் பாட்டிலைக் கவிழ்த்து அதன் வாயைத் தண்ணீர் டம்ளரில் விட்டு, பீரில் கலந்திருப்பதாக அவர் நம்பும் கிளிசரினை இறக்குவார். இறங்குவது கிளிசரின் இல்லை மாமா, பீர் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், அதனால் பீரே இறங்குகிறது, கோலா பாட்டிலைக் கவிழ்த்தாலும் இதேதான் நடக்கும் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் இறக்குகிறார். நல்ல தேதி பாட்டில் என்றால் எனக்கு வயிறு எரியும்.

இதையும் சொல்லியாக வேண்டும். நெத்திலி வறுவலுக்கு இந்த லாகரை அடிக்க ஆளில்லை. பெங்களூரில் ஒருமுறை ஐபிஏவோடு மிளகாய்த்தூள் தூக்கலான மீன் சாப்பிட்டுக் கண்ணில் தண்ணீர் வந்தது. கசப்பு காரத்தை ஏற்றிவிடுகிறது. லாகர் எண்ணெயைக் கழுவிவிட்டு அடுத்த நெத்திலிக்கு நாக்கைத் தயார் செய்கிறது. டாய்ட்டை நினைத்து ஏங்காத மாலைகள் என்றால் அவை நெத்திலி மாலைகள்தான்.

இவ்வளவு சொன்னபின் நண்பனுக்கு என்ன பரிந்துரை? வாங்காதே. போன சனிக்கிழமை கையில் வந்தது ஐந்து மாதப் பழசு. "வேற இல்லையாண்ணே?" "இதுதான் சார் இருக்கு." வீட்டுக்குக் கொண்டுவந்து, உப்பு போட்டு, ஐஸ் போட்டு, டம்ளரைக்கூடக் குளிர வைத்துக் குடித்தேன். அட்டைப்பெட்டி. அரை பாட்டிலைத் தொட்டியில் கொட்டினேன், மனசே வரவில்லை. மாசத்துக்கு ஒரு தடவை சதாப்தியில் பெங்களூர் போய்க் குடித்துவிட்டு வா, உடம்புக்கும் நல்லது.

ஃபிரிட்ஜில் இரண்டு பாட்டில் இருக்கிறது, பதினெட்டு நாள்தான் ஆகிறது. அதைத் தொடாதே, மைத்துனரிடமும் சொல்லாதே. வரும்போது காசிமேட்டில் நெத்திலி வாங்கி வா.