பாக்கி நோட்டு ஆப்: சோதனைக்கு ஆள் தேடிக் கடைக்கே வந்தார்கள்

கடைக்காரர்கள் வாடிக்கையாளர் பாக்கியை எழுதிவைக்க, புதுச்சேரியில் நாலைந்து பசங்க சேர்ந்து செய்கிற கடன் கணக்கு ஆப் இது. இன்னும் சோதனையில் இருப்பதால் பெயர் சொல்லவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் மளிகைக் கடையில் கொஞ்ச நாளாக ஓடுகிறது.

ஆப்பைவிட அவர்கள் ஆள் பிடித்த விதம்தான் எனக்குப் பிடித்தது. மற்றவர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க்கைத் தட்டிவிட்டு "அஞ்சு ஸ்டார் போடுங்கண்ணே" என்பதோடு சரி. இவர்கள் "உங்க பாக்கி நோட்டைக் கொடுங்கண்ணே, நாங்களே ஏத்தித் தர்றோம்" என்று மத்தியானம் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து வந்து, அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து முழு நோட்டையும் ஏற்றினார்கள். அப்போதுதான் அவர்களுக்கே ஒரு விஷயம் புரிந்தது. ஆப் போன் நம்பர் கேட்கிறது, எங்கள் நோட்டில் இருப்பதோ 'டீச்சர் வீடு', 'ஆட்டோ தம்பி', 'மாடி வீட்டம்மா'. நம்பர் இல்லாமலே கணக்கு திறக்கிற மாதிரி அடுத்த அப்டேட்டிலேயே மாற்றிவிட்டார்கள்.

ஏன் இவ்வளவு மெனக்கெடல் என்று கேட்டேன். ப்ளே ஸ்டோரில் ஆப் போடுவதற்கு கூகுளிடம் திறக்கிற டெவலப்பர் கணக்கு இவர்களுக்குத் தனிநபர் பெயரில் இருக்கிறது. 2023 நவம்பருக்குப் பிறகு அப்படித் திறந்தவர்கள் ப்ளே ஸ்டோரில் எல்லோருக்கும் ஆப்பை வெளியிடுவதற்கு முன்னால் குறைந்தது 12 பேரை வைத்து, தொடர்ந்து 14 நாள் சோதனை நடத்திக் காட்டவேண்டும் (முதலில் 20 பேர் என்று இருந்ததைக் குறைத்திருக்கிறார்கள்). மாமா, சித்தப்பா என்று 12 பேரைத் தேற்றிவிடலாம்தான், ஆனால் சித்தப்பா ஆப்பைத் திறக்கவே மாட்டாரே.

ஃபைல்களை இணையத்தில் சேமித்து வைக்கிற டிராப்பாக்ஸ் மாதிரி, ஆள் சேர்த்துவிட்டால் இரண்டு பேருக்கும் சலுகை என்றும் ஒன்று வைத்திருக்கிறார்கள். அங்கே சேமிக்கக் கூடுதல் இடம் கொடுத்தார்கள், இங்கே ஏதோ புள்ளி. அது எங்கள் தெருவில் எடுபடவில்லை. யார் எவ்வளவு பாக்கி என்பது பக்கத்துக் கடைக்குத் தெரிந்துவிடுமோ என்கிற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. தப்பு கண்டுபிடித்துச் சொன்னால் எதிர் டீக்கடையில் அவர்கள் கணக்கில் ஒரு டீ என்றார்கள் பாருங்கள், அதுதான் ஓடியது! அந்த டீ பாக்கியும் இதே ஆப்பில்தான் ஏறுகிறது.

குறை இல்லாமல் இல்லை. நெட் விட்டு விட்டு வந்த ஒரு நாள் ஒரே தொகை இரண்டு தடவை ஏறிவிட்டது, டீச்சர் வீட்டில் கோபித்துக்கொண்டார்கள். போன் செய்ததும் எடுத்தார்கள், சாயங்காலமே சரி செய்துவிட்டார்கள். ஆனால் போனில் இருக்கிற எல்லா நம்பரையும் பார்க்க அனுமதி கேட்கிறதே, எதற்கு என்றால் நேரான பதில் வரவில்லை. நான் கொடுக்கவில்லை, கொடுக்காமலே ஆப் ஓடுகிறது, நீங்களும் கொடுக்காதீர்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். இப்போதைக்கு இலவசம். நாளைக்குக் காசு கேட்டால் மாதம் 50 ரூபாய் வரை கொடுக்கலாம், அதற்கு மேல் என்றால் அப்பாவின் பழைய நோட்டு இன்னும் கல்லாவுக்குக் கீழேதான் இருக்கிறது.