எம்1009 வைத்திருப்பவர்களே, ஆல்டர்னேட்டர் போல்ட்டை எண்ணிப் பாருங்கள்

டெக்சாஸில் என்னிடம் ஒரு எம்1009 இருக்கிறது. அமெரிக்க ராணுவத்துக்காக ஷெவர்லே பிளேசரை மாற்றிச் செய்த வண்டி, 6.2 லிட்டர் டீசல். லைட், ஹீட்டரெல்லாம் 12 வோல்ட், ஸ்டார்ட்டர் 24. அதனால்தான் அதில் இரண்டு பேட்டரி, அவற்றை சார்ஜ் செய்ய இரண்டு ஆல்டர்னேட்டர் (ஜென் 1, ஜென் 2).

போன மாதம் டாஷில் ஜென் 2 சரியாக சார்ஜ் செய்யவில்லை என்று எச்சரிக்கும் விளக்கு எரிந்தது. "ராணுவ வண்டி பார்ப்போம்" என்று போர்டு மாட்டிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஆல்டர்னேட்டர் அவுட், 340 டாலர் என்றார்கள். கட்டினேன். மறுநாள் போன்: பேட்டரி கனெக்ஷன் கொடுத்ததும் புகை வந்ததாம், வயரிங் பழசாம், ஹார்னஸையே (மொத்த வயர்க் கட்டையே) மாற்ற இன்னும் 1,400 ஆகுமாம்.

நேரில் போய் பானெட்டைத் திறந்தேன். இந்த வண்டியின் ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் தடியான போல்ட் இரண்டு இருக்கும், பிளஸுக்கு ஒன்று, மைனஸுக்கு ஒன்று. அந்த மைனஸ் ஆல்டர்னேட்டரின் பாடியோடு சேராது, இதைத்தான் ஐசொலேட்டட் எர்த் என்பார்கள். ஜென் 2-வின் மைனஸ் கேபிள் எர்த்துக்கே போவதில்லை, 12 வோல்ட் லைனுக்குப் போகிறது. இவர்கள் மாட்டியிருந்ததோ ஒற்றை போல்ட் உள்ள சாதாரண ஆல்டர்னேட்டர். மிச்சமான கேபிளை எர்த் என்று நினைத்து பிராக்கெட் போல்ட்டிலேயே முடுக்கிவிட்டார்கள். பின் பேட்டரி நேரே ஷார்ட். கேபிளின் உறை ஒரு சாண் நீளத்துக்கு உருகி, வெல்லப்பாகு மாதிரி என்ஜின் மேல் உறைந்திருந்தது. பில்லில் மட்டும் "ஐசொலேட்டட் எர்த்" என்று அழகாக எழுதியிருந்தது!

பழைய ஆல்டர்னேட்டரைச் சண்டை போட்டு வாங்கி, பார்ட்ஸ் கடை பெஞ்சில் ஓட்டினேன். சமர்த்தாக 14 வோல்ட் காட்டியது. கோளாறு பெல்ட்டில். கண்ணாடி மாதிரி வழுவழுத்து, விரல் வைத்தால் தொளதொளவென்று ஆடியது.

ஜென் விளக்கு எரிந்தால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். பிறகு என்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு பேட்டரியையும் தனியாக அளங்கள், தலைக்கு 14 வரவேண்டும், சேர்த்து 28. முன் பேட்டரி குறைந்தால் ஜென் 2 பக்கம், பின் பேட்டரி குறைந்தால் ஜென் 1 பக்கம் தேடுங்கள். ஜென் 2-வுக்குப் புது ஆல்டர்னேட்டர் என்றால், மாட்டும் முன் மைனஸ் போல்ட்டுக்கும் பாடிக்கும் மல்டிமீட்டர் வையுங்கள். பீப் அடித்தால் இரண்டும் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம், அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேபிளை நானே மாற்றி, பழைய ஆல்டர்னேட்டரையே ஏற்றிவிட்டேன். 340-இல் ஒரு டாலர்கூட இன்னும் திரும்பவில்லை. கிரெடிட் கார்டு கம்பெனியில் புகார் ஓடிக்கொண்டிருக்கிறது.