திரையா, பலகையா? அரையாண்டு விடுமுறையில் வீடே சேர்ந்து ஆட எது சரி

அரையாண்டுத் தேர்வு முடிந்து டிசம்பர் கடைசியில் பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள். திறந்து சில நாளில் பொங்கல் வந்துவிடும். தாத்தா பாட்டி, அத்தை பிள்ளைகள், சித்தப்பா பிள்ளைகள் என்று ஒரே கூடத்தில் எல்லாரும் சேர்வது இந்தச் சமயத்தில்தான். "பசங்களுக்கு என்ன கேம் வாங்கலாம்?" என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது வயதைத்தான். ஆடப்போகிறவர்களில் சின்னவருக்கு என்ன வயது, பெரியவருக்கு என்ன வயது?

ஆறு வயதுப் பேத்தி, பதினான்கு வயது அண்ணன், எழுபது வயதுப் பாட்டி மூவரும் ஒரே ஆட்டத்தில் உட்கார வேண்டுமென்றால், இணையத்தில் கிடைக்கும் 'சிறந்த பத்து' பட்டியல்கள் பெரும்பாலும் உதவாது. அவை சம பலமுள்ளவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வீட்டில் பலம் ஒருபோதும் சமமாக இருக்காது. அதனால் நான் இரண்டு விஷயங்களைத்தான் பார்ப்பேன். தோற்றுக்கொண்டிருப்பவருக்குக் கடைசி வரை ஆட்டத்தில் வேலை இருக்கிறதா? தன் முறை வரும்வரை அவர் எவ்வளவு நேரம் சும்மா உட்கார வேண்டும்?

இந்த அளவுகோலில் 'பிசினஸ்' ஆட்டம் முதலிலேயே விழுந்துவிடும். பணம் தீர்ந்தவர் எழுந்து போய்விட வேண்டும், மற்றவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் ஆடுவார்கள். பெரும்பாலும் முதலில் எழுந்து போவது வீட்டின் கடைக்குட்டிதான்.

மாரியோ கார்ட்டா, ஓவர்குக்டா?

திரையில் ஆடுவதில் குடும்பத்துக்கு ஏற்ற போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். 2017இல் நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவிக்கு வந்த மாரியோ கார்ட் 8 டீலக்ஸ் கார்ப் பந்தயம். ஒரே டிவியில் நான்கு பேர் வரை திரையைப் பங்குபோட்டு ஓட்டலாம். ஸ்விட்ச்சோடு வரும் ஜாய்-கான் என்ற இரட்டைக் கன்ட்ரோலரைப் பிரித்தால் ஆளுக்கொன்றாக இரண்டு பேர் உடனே ஆடத் தொடங்கலாம், வேறெதுவும் வாங்க வேண்டியதில்லை.

இதன் சிறப்பு, பலவீனமானவரைக் கைதூக்கிவிடும் விதம். பாதையில் கிடக்கும் பெட்டியை இடித்தால் ஏதாவது ஒரு பொருள் கிடைக்கும். முன்னால் போகிறவருக்கு நாணயம், வாழைப்பழத்தோல் மாதிரி சில்லறைப் பொருள்கள்தான் வரும். கடைசியில் தள்ளாடுகிறவருக்கு நட்சத்திரமோ, வண்டியையே தோட்டாவாக மாற்றிப் பல பேரைத் தாண்டவைக்கும் பொருளோ வரும். முதலிடத்தில் இருப்பவரைத் தேடிப்போய் அடிக்கும் நீல ஓடு வேறு. இதெல்லாம் போதாதென்றால் 'ஸ்மார்ட் ஸ்டியரிங்' என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டால் வண்டி பாதையைவிட்டுக் கீழே விழாது. வேகத்தையும் தானாகவே கொடுக்கும்படி வைத்துக்கொள்ளலாம். பாட்டி திசையை மட்டும் திருப்பினால் போதும், பந்தயத்தை முடித்துவிடுவார். அண்ணனுக்கு அந்த வசதி வேண்டாம், பேத்திக்கு வேண்டும் என்று ஆளுக்கு ஆள் தனித்தனியாக வைக்கலாம். ஒரு பந்தயம் சில நிமிடத்தில் முடிந்துவிடுவதால் ஐந்தாவது ஆள் அதிகம் காத்திருக்கவும் வேண்டாம்.

ஓவர்குக்ட் நேர் எதிர். இங்கே யாரும் யாருக்கும் எதிரி இல்லை. நால்வரும் ஒரே சமையலறையில் நின்று, வரும் ஆர்டருக்கு ஏற்ப வெங்காயம் நறுக்கி, சூப் வைத்து, தட்டில் ஊற்றி அனுப்பி, எச்சில் தட்டைக் கழுவ வேண்டும். பிரிட்டனில் இரண்டே பேர் தொடங்கிய நிறுவனம் உருவாக்கி 2016இல் வந்தது. இரண்டு பாகங்களையும் சேர்த்த 'ஆல் யூ கேன் ஈட்' பதிப்பு இப்போது பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச், கணினி எல்லாவற்றிலும் கிடைக்கிறது. ஸ்விட்ச் இல்லாத வீட்டுக்கு இது பெரிய வசதி.

எல்லாரும் ஒரே அணி என்றால் சண்டை வராது என்று தோன்றும். உண்மையில் இதில்தான் கூடுதலாகச் சத்தம் எழும். அடுப்பில் பாத்திரம் தீய்கிறது, தட்டு இல்லை, இரண்டு பேர் ஒரே வழியில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். விவரம் தெரிந்தவர் மற்றவர்களை ஏவத் தொடங்கிவிடுவார். "டேய், தக்காளிய வெட்டுடா, நிக்காத!" என்று பத்து முறை கேட்ட பிள்ளை பதினோராவது முறை கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடும். இதைத் தவிர்க்க 'ஆல் யூ கேன் ஈட்' பதிப்பில் உதவி முறை இருக்கிறது. நேரம் கூடும், ஆர்டர்களும் சீக்கிரம் காலாவதியாகாது. சின்னப் பிள்ளைகளோடு ஆடும்போது தயங்காமல் அதைப் போடுங்கள். பிறகு யாருக்கு என்ன வேலை என்று தொடங்கும் முன்பே பேசி வையுங்கள். தட்டு கழுவுவது மட்டும் என் வேலை என்றால் ஆறு வயதுப் பிள்ளை அதைப் பொறுப்பாகச் செய்யும்.

என் தீர்ப்பு: மூன்று தலைமுறைக்கும் பொதுவாக மாரியோ கார்ட். பத்து வயதுக்கு மேற்பட்ட அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கு ஓவர்குக்ட். ஸ்விட்ச் 2 வாங்கியவர்களுக்கு 2025இல் அதனோடு வந்த மாரியோ கார்ட் வேர்ல்டு இருக்கிறது. ஆனால் பழைய ஸ்விட்ச் வீட்டில் இருந்தால் அதற்காகப் புதிய கருவி வாங்கத் தேவையில்லை.

ஓர் எச்சரிக்கை. 2021இல் பல விருதுகள் வாங்கிய 'இட் டேக்ஸ் டூ'வையும் குடும்ப ஆட்டம் என்று சேர்த்துப் பரிந்துரைக்கிறார்கள். அருமையான ஆட்டம்தான், ஆனால் சரியாக இரண்டு பேர்தான் ஆட முடியும். கதையோ பிரியப்போகும் ஒரு கணவன் மனைவியைப் பற்றியது. அவர்கள் தங்கள் மகளின் பொம்மை யானையைத் துன்புறுத்தும் காட்சி ஒன்று உண்டு. சின்னக் குழந்தைகள் அதைப் பார்த்தால் மனம் கலங்கிப்போவார்கள். பிள்ளைகள் தூங்கியபிறகு கணவனும் மனைவியும் ஆடட்டும்.

கட்டானா, டிக்கெட் டு ரைடா?

பலகைக்கு வருவோம். இரண்டுமே ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த ஆட்டம்' விருது பெற்றவை. கிளாஸ் டாய்பர் உருவாக்கிய கட்டான் 1995இலும், ஆலன் ஆர். மூன் உருவாக்கிய டிக்கெட் டு ரைடு 2004இலும் வாங்கின.

கட்டானில் ஒரு தீவில் வீடும் சாலையும் கட்ட வேண்டும். முதலில் பத்துப் புள்ளி எடுப்பவர் வெற்றி. பகடையில் விழும் எண் எழுதிய நிலத்தை ஒட்டி வீடு வைத்தவருக்கு மரம், செங்கல், ஆடு, கோதுமை, தாது கிடைக்கும். எதிராளியின் முறையிலும் உங்களுக்குப் பொருள் வரலாம், பேரம் பேசலாம். அதனால் யாரும் சும்மா உட்கார்வதில்லை. "ஒரு ஆடு தர்றேன், ரெண்டு செங்கல் தா" என்று பிள்ளைகள் சந்தைக்காரர்களாக மாறுவதைப் பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் ஆட்டத்தின் விதி பெரும்பாலும் தொடக்கத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது. முதல் இரண்டு வீடுகளை எங்கே வைக்கிறீர்கள் என்பது அவ்வளவு முக்கியம். இரண்டு பகடையில் 6 விழ 36இல் 5 வாய்ப்பு, 12 விழ ஒரே ஒரு வாய்ப்பு. இது தெரியாத பிள்ளை "எனக்குப் பன்னிரண்டு பிடிக்கும்" என்று அங்கே வீடு வைத்துவிட்டால், அடுத்த ஒரு மணி நேரம் கையில் அட்டையே சேராது. 7 விழுந்தால், பொருள் வரவிடாமல் தடுக்கும் திருடனைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளையின் நிலத்திலேயே வைப்பார்கள். மூன்று அல்லது நான்கு பேர்தான் ஆட முடியும் என்பதும் நம் கூட்டத்துக்குப் போதாது.

டிக்கெட் டு ரைடில் ஐந்து பேர் ஆடலாம். ஒவ்வொருவருக்கும் 45 குட்டி ரயில்பெட்டிகள். உங்கள் முறையில் மூன்றில் ஒன்றைச் செய்யலாம்: நிற அட்டை எடுப்பது, ஒரே நிற அட்டைகளைக் கொடுத்து வரைபடத்தில் ஒரு ரயில் தடத்தைப் பிடிப்பது, எந்த இரண்டு ஊரை இணைக்க வேண்டும் என்று சொல்லும் புதிய டிக்கெட் எடுப்பது. அவ்வளவுதான் விதி. ஊர்ப்பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும் டிக்கெட்டிலேயே குட்டி வரைபடம் வரைந்து இரண்டு ஊரையும் காட்டியிருப்பார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். கையிலிருக்கும் டிக்கெட்டுகளைக் கடைசியில்தான் திறந்து எண்ணுவதால், பின்தங்கியிருப்பவர் அதுவரை நம்பிக்கை இழப்பதில்லை. பலகையிலும் அவர் போட்ட தடம் அப்படியே நிற்கும், யாரும் அதைப் பிடுங்க முடியாது. குடும்பத்துக்கு இதையே நான் சொல்வேன். ஆடிப் பழகியவர்களுக்கு 1911ஆம் ஆண்டு இந்திய ரயில் வரைபடம் தனியாகக் கிடைக்கிறது. அதை ஆட மூல ஆட்டத்தின் ரயில்களும் அட்டைகளும் வேண்டும்.

பணம் யோசிப்பவர்களுக்கு ஸ்காட்லாண்டு யார்டு. ஒருவர் லண்டனில் ஒளிந்து ஓடுவார், மற்றவர்கள் துப்பறிவாளர்களாகச் சேர்ந்து துரத்துவார்கள். ஓடுகிறவர் 3, 8, 13, 18 ஆகிய நகர்வுகளில் தலைகாட்டியே ஆக வேண்டும். அப்பா ஒளிந்துகொள்ள, பிள்ளைகள் கூடிப்பேசி வலை விரிப்பது நல்ல பொழுது. ஊனோ சீட்டுக்கட்டு எப்போதும் பையில் இருக்கட்டும், அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

பாட்டி ஜெயிக்கும் ஆட்டம்

இத்தனைக்கும் மேலே நான் வைப்பது டிக்ஸிட். 2008இல் வந்து, 2010இல் அதே ஜெர்மன் விருதை வாங்கியது. அட்டைகளில் கனவு மாதிரியான படங்கள் மட்டுமே, ஓர் எழுத்துகூடக் கிடையாது. ஆளுக்கு ஆறு அட்டை. கதைசொல்லி தன் கையிலிருந்து ஒன்றைத் தேர்ந்து, அதைப் பற்றி ஒரு சொல்லோ வரியோ சொல்லிக் கவிழ்த்து வைப்பார். மற்றவர்கள் அந்த வரிக்குத் தங்களிடம் பொருந்துகிற அட்டையைக் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் கலைத்து விரித்து, கதைசொல்லியின் அட்டை எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

நுட்பம் மதிப்பெண்ணில் இருக்கிறது. எல்லாரும் கண்டுபிடித்தாலும் கதைசொல்லிக்குப் பூஜ்யம், யாருமே கண்டுபிடிக்காவிட்டாலும் பூஜ்யம். சிலருக்கு மட்டும் புரிய வேண்டும். பாட்டி தன் அட்டையைப் பார்த்து "பூனைக்கொரு காலம்" என்று பாதிப் பழமொழியைச் சொன்னால், யானைக்கொரு காலம் என்ற மறுபாதி மகளுக்கும் மருமகனுக்கும் உடனே தெரியும். அவர்கள் யானைப் படத்தைத் தேடுவார்கள், பேரப்பிள்ளைகள் பூனைப் படத்தைத் தேடுவார்கள். பாட்டிக்கு முழுப்புள்ளி. திரையிலும் பலகையிலும் அவருக்கு விட்டுக்கொடுத்துப் பழகிய பிள்ளைகள் இங்கே அவரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். சமாளிக்க அவர்களும் பழமொழி கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

ஒரே குறை, மூன்று பேராவது வேண்டும். ஐந்தாறு பேர் இருந்தால்தான் களைகட்டும்.

ஏற்கெனவே வீட்டில் இருப்பவை

கேரம் பலகை பரணில் இருந்தால் இறக்குங்கள். உலக சாம்பியன் மரிய இருதயத்தையும், 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமாவையும் தந்த சென்னைக்கு அது சொந்த ஆட்டம். ஆனால் தோற்பவருக்குக் கடைசி வரை வேலை இருக்கிறதா என்ற கேள்விக்குக் கேரமின் பதில் கடுமையானது. கை பழகியவர் ரெட்டையும் ஃபாலோவையும் சேர்த்து அத்தனை காயினையும் ஒரே வரிசையில் போட்டு முடித்துவிடுவார். நால்வர் ஆட்டத்தில் வல்லவர் எதிரே புதியவரைக் கூட்டாளியாக உட்கார வைப்பதுதான் வழி. புதிதாக வாங்குவதாக இருந்தால் பொம்மைக் கடையின் சின்னப் பலகை வேண்டாம். ஆடுபரப்பு 74 சென்டிமீட்டர் உள்ள முழு அளவுப் பலகையே வாங்குங்கள்.

தாயமும் பரமபதமும் அதிர்ஷ்டத்தை நம்பியவை என்பதால் வயது வித்தியாசம் அடிபட்டுப்போகிறது. வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்கப் பரமபதம் ஆடும் வழக்கம் மார்கழியில், பெரும்பாலும் இதே விடுமுறையை ஒட்டி வருகிறது. இரண்டில் தாயத்துக்குக் கொஞ்சம் யோசனையும் வேண்டும். எந்தக் காயை நகர்த்துவது, மலையில் நிற்பதா, வெட்டப் போவதா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டும். போனில் லூடோ ஆடுவதைவிட இது மேல். தாயக்கட்டையைக் கையில் உருட்டி, தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி போட்டு, விழுந்ததை எல்லாம் மனதில் கூட்டிக் காய்களுக்குப் பிரித்துக் கொடுப்பதில் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஓடும். கூட்டத் தெரியாத வயதில் பரமபதம், தெரிந்துவிட்டால் தாயம்.