மாருதி ஜிம்னியா மஹிந்திரா தாரா, எந்த ஆஃப்-ரோடு வண்டிய எடுக்கலாம்?

மொதல்ல ஒண்ணு, ஜிம்னில எந்த வேரியன்ட் எடுத்தாலும் 4x4 (நாலு சக்கரமும் இழுக்கும்), லோ ரேஞ்சோட (மெதுவா, பலமா இழுக்கிற கியர்) வந்துரும், தார்ல பின்சக்கர டிரைவ் மட்டும் உள்ளதும் விக்கிறாங்க, அதனால புக் பண்றப்ப நல்லா பாத்து கேட்டு எடுங்க.

எஸ்டேட் ரோடு மாதிரி ஒடுக்கமான பாதைல ஜிம்னிதாங்க ராஜா. அகலம் 1645 மிமீ, தார் 1820, எதிர்ல ஜீப் வந்தா ஓரங்கட்டும்போது இந்த ஒரு சாண் எவ்ளோ பெருசுன்னு தெரியும். எடையும் சுமார் 1200 கிலோதான், சேத்துல அவ்ளோ சீக்கிரம் புதையாது.

ஆனா ஏத்தத்துல நாலு பேரு லக்கேஜோட போனா ஜிம்னியோட 1.5 பெட்ரோல் தெணறும், கியர மாத்திக்கிட்டே இருக்கணும், அங்க தார் டீசல் 300 என்எம் டார்க்ல (இழுவிசை) அலட்டாம ஏறிடும்.

வீட்ல பெரியவங்க இருந்தா தார் மூணு டோர் வேணாம், பின்சீட்டுக்குத் தனிக் கதவு கெடையாது. எங்கம்மா முன்சீட்ட மடக்கி, சேலைய ஒரு கைல பிடிச்சுக்கிட்டு பின்னாடி ஏறுறதுக்குள்ள படாத பாடு பட்டுட்டாங்க. ஜிம்னில பின்கதவத் தெறந்தா உக்காரலாம்.

எதுவானாலும் காஞ்ச தார்ரோட்ல 4H (நாலு சக்கரமும் இழுக்கிற, சாதா வேகத்துக்கான மோடு) போட்டு ஓட்டாதீங்க, வளைவுல முன்னயும் பின்னயும் சக்கரம் வேற வேற வேகத்துல சுத்தணும், அது முடியாம கியர்பாக்ஸ் பக்கம் இறுகிக்கும்.

நானா இருந்தா ஜிம்னி மேனுவல்தான்.