தண்ணீர் கேன் கடைக்கு ஒரு ஹைப்ரிட் ஆப்: ஏழு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பெங்களூரு அல்சூரில் என் சித்தப்பா 20 லிட்டர் தண்ணீர் கேன் சப்ளை செய்கிறார். டெலிவரி பையன்கள் எல்லாரும் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம். 2018-இல் ஒருநாள், "நோட்டு நனைஞ்சு கணக்கே போயிடுதுடா, போன்ல ஏதாவது பண்ணிக் குடு" என்றார். எனக்குத் தெரிந்தது எச்டிஎம்எல்லும் ஜாவாஸ்கிரிப்டும்தான். ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் மொழியான கோட்லின் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. அதனால் வெப்சைட்டை ஆப்பாக்கித் தரும் கார்டோவா.

உள்ளே இருப்பது ஒரு வெப்சைட்தான். முகவரிப் பட்டை இல்லாத பிரவுசர் ஒன்று, அதாவது வெப்வியூ, அதைக் காட்டுகிறது. கேமரா, ஜிபிஎஸ் வேண்டுமென்றால் ஜாவாஸ்கிரிப்ட் பெரும்பாலும் தானே போய்த் தொடுவதில்லை. பிளகின் என்ற துணை நிரல் மூலம், போனின் சொந்த நிரல் ஓடும் நேட்டிவ் பக்கத்துக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். இந்தச் செய்திப் போக்குவரத்தைத்தான் பாலம் என்கிறோம்.

இப்படி வெப்சைட்டை உள்ளே வைத்த ஆப்பைத்தான் ஹைப்ரிட் என்பது. அப்படிச் சொன்னதுமே "ஸ்லோவாக இருக்குமே" என்பார்கள். அறுபது வீட்டுப் பட்டியலை உருட்டுவதற்கு எந்த வேகமும் குறையவில்லை. என் தூக்கத்தைக் கெடுத்தது பாலமும், தகவல் சேமித்து வைக்கும் இடமும்தான்.

காலி கேனைப் போட்டோ எடுக்க வேண்டும் என்பது சித்தப்பாவின் விதி. முதலில் படத்தை பேஸ்64 எழுத்துகளாக்கிப் பாலத்தில் அனுப்பினேன். அப்படி மாற்றினால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். 3 எம்பி படம் 4 எம்பி ஆகும். 2 ஜிபி ராம் போன்களில் நாலைந்து படத்துக்குள் ஆப் திணறிவிடும். படத்தை அனுப்பாமல் கோப்பின் பாதையை மட்டும் வாங்கிக்கொண்டு, படத்தின் தரத்தை நூற்றுக்கு 50 ஆகக் குறைத்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

அப்புறம் இன்னொன்று கிளம்பியது. "அண்ணா, போட்டோ எடுத்துட்டு வந்தா நான் போட்டதெல்லாம் காணோம்." கேமரா திறந்திருக்கும்போது நினைவகம் போதாவிட்டால், பின்னால் இருக்கும் நம் ஆப்பை ஆண்ட்ராய்டு கொன்றுவிடும். திரும்பி வரும்போது பக்கம் புதிதாக ஏறுகிறது, பாதி நிரப்பிய படிவம் போயே போய்விட்டது. என் போனில் 6 ஜிபி இருந்ததால் ஒருமுறைகூட இதை நான் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் பையன்களிடம் இருப்பதிலேயே மட்டமான போனை வாங்கித்தான் சோதிக்கிறேன். கேமராவைத் திறப்பதற்கு முன்பே படிவத்தைச் சேமித்துவிடுகிறேன்.

ஆனால் பெரிய அடி என்றால் 2021-இல் விழுந்ததுதான். அந்த வருடம் வந்த கார்டோவாவின் ஆண்ட்ராய்டுப் பகுதியின் 10-ஆம் பதிப்பில், ஆப்பின் பக்கங்கள் கோப்பு முகவரிக்குப் பதிலாக எச்டிடிபிஎஸ் லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரியிலிருந்து ஏறத் தொடங்கின. ஆப் கணக்கைச் சேமித்து வைத்தது பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜ் என்ற இடத்தில். அது முகவரிக்கு முகவரி தனித்தனி. நான் குறிப்புகளைப் படிக்காமல் பதிப்பை ஏற்றி எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு சித்தப்பா போன்: "பாக்கி எல்லாம் சைபர்னு காட்டுதுடா!" பாக்கித் தகவல் அழியவில்லை, போனுக்குள்ளேயே பழைய முகவரியின் கீழ் பூட்டிக் கிடந்தது. பழைய கோப்பு முறைக்குத் திருப்பும் அமைப்பைப் போட்டு இன்னொரு பதிப்பு அனுப்பி, எல்லாவற்றையும் வெளியே எடுத்து எஸ்க்யூலைட் தரவுத்தளத்துக்கு மாற்றும்வரை பையன்கள் மறுபடியும் நோட்டோடுதான் போனார்கள். தவறு முழுக்க என்னுடையது. பணக் கணக்கை லோக்கல் ஸ்டோரேஜில் வைத்ததே முதல் முட்டாள்தனம்.

2022-இல் கார்டோவா மாதிரியே இன்னொரு கருவியான கெபாசிட்டருக்கு மாறினேன். இதில் ஆண்ட்ராய்டு புராஜெக்ட் நம் கையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் திறந்து எதையும் திருத்தலாம். பிளகின் எழுதுவதும் எளிது. 2024-இல் கெபாசிட்டர் 6 வந்தபோது, ஆண்ட்ராய்டில் ஆப் பக்கங்களின் முகவரி எச்டிடிபி என்று இருந்தது எச்டிடிபிஎஸ் ஆனது. அதே பொறி! இந்த முறை குறிப்பை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கை வைத்தேன்.

தமிழில் ஆப் செய்பவர்களுக்கு ஒரு விஷயம். தேடல் பெட்டியில் எந்த விசை அழுத்தப்பட்டது என்று பார்த்து எழுதியிருந்தேன். ஆண்ட்ராய்டின் திரை விசைப்பலகையில் எந்த எழுத்தை அடித்தாலும் விசையின் எண் பெரும்பாலும் 229 என்றே வருகிறது. விசையை விட்டுவிட்டு, பெட்டியில் எழுத்து மாறியதைச் சொல்லும் இன்புட் நிகழ்வைப் பிடித்த பிறகுதான் 'முருகேசன்' தேடினால் முருகேசன் வந்தார். பொத்தான்களுக்கு நிலையான அகலமும் வைக்காதீர்கள். 'சேமிக்கவும்' உடைந்து இரண்டு வரியாகிவிடும்.

கேம், வீடியோ எடிட்டிங் மாதிரி வேலைக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன். பட்டியல், படிவம், பில் என்று ஒரே ஆள் பார்த்துக்கொள்ளும் ஆப்புக்கு இன்றைக்கும் இதைத்தான் எடுப்பேன்.

போன மாதம் சித்தப்பா புளூடூத் பிரிண்டர் ஒன்றை வாங்கி வந்து மேசையில் வைத்தார். அந்த மாடலுக்கு ஒத்துவரும் பிளகின் எதுவும் கிடைக்கவில்லை. சரி என்று உட்கார்ந்து கோட்லின் படித்துக்கொண்டிருக்கிறேன்.