ஹாங்காங் வணிகத்துக்கு வெளிநாட்டுச் சேதி: அரசு அலுவலகமா, வர்த்தக மன்றமா?

ஹாங்காங் தனி நாடு அல்ல, சீனாவின் ஒரு பகுதி. ஆனால் சுங்க விஷயத்தில் அது தனி ஆள். 1986இல் காட் ஒப்பந்தத்தில் (உலக வணிக அமைப்புக்கு முன்பிருந்த வணிக ஒப்பந்தம்) தன் பெயரிலேயே சேர்ந்தது. வெளியுறவு பெய்ஜிங்கின் கையில் இருப்பதால் சொந்தத் தூதரகம் கிடையாது. அப்புறம், எந்த ஊரில் என்ன சட்டம் வருகிறது, எந்த வரி ஏறுகிறது என்று யார் பார்த்துச் சொல்வது?

ஒன்று, அரசின் பொருளாதார வணிக அலுவலகங்கள். ஹாங்காங்கின் அரசியல் சாசனம் போன்ற அடிப்படைச் சட்டத்தின் 156ஆம் பிரிவு இவற்றுக்கு இடம் கொடுக்கிறது. வாஷிங்டன், பிரஸ்ஸல்ஸ், டோக்கியோ, ஜெனிவா போன்ற நகரங்களில் உட்கார்ந்து மசோதாக்களைப் படிப்பதும், அதிகாரிகளைச் சந்திப்பதும், அரசுக்கு அறிக்கை அனுப்புவதும் இவர்கள் வேலை. மற்றொன்று, 1966இல் சட்டப்படி அமைந்த வர்த்தக வளர்ச்சி மன்றம். கண்காட்சி, சந்தை ஆய்வு, வாங்குபவரைத் தேடித் தருவது என்று அதன் வேலை நேராக வியாபாரியிடம் வருகிறது.

அன்றாடப் பிழைப்புக்கு மன்றம்தான் கைகொடுக்கும். சிறு உற்பத்தியாளர் முதலில் அதன் கதவைத் தட்டுவதே சரி. அரசு அலுவலகத்தின் அறிக்கையோ முதலில் அரசுக்குத்தான் போகும்; வியாபாரிக்கு வந்து சேர நேரமாகும்.

ஆனால் 2020 ஆகஸ்டில் நடந்ததைப் பாருங்கள். ஹாங்காங்கில் செய்த பொருளில் இனி 'ஹாங்காங்' என்று போடக்கூடாது, 'சீனா' என்றே போட வேண்டும் என அமெரிக்கச் சுங்கத்துறை அறிவித்தது. கெடு முதலில் செப்டம்பர் 25. பிறகு நவம்பர் 10. அச்சடித்த அட்டைப்பெட்டிகளை வைத்திருந்தவருக்கு அந்த ஆறேழு வாரம் பெரிய விஷயம். லேபிள்தான் மாறுகிறது, வரி மாறவில்லை என்பதும் அப்போது முக்கியமான சேதி. இந்த மாதிரி நேரத்தில் வாங்குபவர் பட்டியல் உதவாது. எதிர்த்தரப்பு அரசோடு பேசும் தகுதி உள்ளவர் வேண்டும். ஹாங்காங் இதை உலக வணிக அமைப்புக்குக் கொண்டுபோனது. 2022 டிசம்பரில் தீர்ப்பாயம் அதன் பக்கம் சொன்னது. அமெரிக்கா மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு அமைப்போ இயங்கவில்லை, வழக்கு அப்படியே நின்றது.

என் ஓட்டு அரசு அலுவலகத்துக்கே. இத்தனைக்கும் அதன் கால் அரசியல் சேற்றில் இருக்கிறது. அமெரிக்காவில் உள்ள மூன்று அலுவலகங்களையும் மூட வழிசெய்யும் மசோதாவை 2024 செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது. அந்த நாடாளுமன்றத்தின் காலம் முடிவதற்குள் அது மேலவையான செனட்டைத் தாண்டவில்லை. ஒருவேளை அந்த அலுவலகங்கள் மூடப்பட்டாலும், அரசின் குரலாக அந்த நாற்காலியில் உட்கார வர்த்தக மன்றத்தால் முடியாது.